கழுத்து நிற்கவில்லையா? காத்திருக்க வேண்டாம்

மூன்று, நான்கு மாதத்தில் கழுத்து நிற்கும், ஐந்தாறில் குப்புற விழும் என்பது எல்லாப் பாட்டிகளுக்கும் அத்துப்படி. பேரனுக்கு அது தள்ளிப்போனால் மட்டும், "இவன் அப்பனே லேட்டாத்தான் நடந்தான்" என்று சமாதானம் வந்துவிடும். பெருமூளை வாதம் பல வீடுகளில் இப்படித்தான் ஒன்றரை வயதுவரை பிடிபடாமல் போகிறது.

கருவிலோ பிரசவத்தை ஒட்டியோ மூளையில் ஏற்படும் சேதம் இது. இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு வருகிறது. குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறுவது, முற்றிய மஞ்சள் காமாலை எனக் காரணங்கள் பல. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தது அவற்றில் ஒன்றல்ல. தாயைக் குறை சொல்வதை நிறுத்தலாம். சேதம் பிறகு பரவாது. ஆனால் கவனிக்காவிட்டால் தசை இறுகும், இடுப்பு மூட்டு நழுவும்.

வீட்டில் முதல் போராட்டம் சாப்பாடுதான். மடியில் மல்லாத்திப் போட்டுப் பாலாடையில் புகட்டுவது நம் பழக்கம். விறைப்புள்ள பிள்ளை அப்போது தலையைப் பின்னால் தள்ளி வில்லாக வளையும். கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கும். அடிக்கடி சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இடுப்பை மடக்கி நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க, கரண்டியை எதிரிலிருந்து, வாய் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ரசத்தண்ணியைவிடக் குழையப் பிசைந்த இட்லியைப் பல பிள்ளைகள் எளிதாக விழுங்கும். எது ஏற்றது என்பதைத் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வது நல்லது. உட்காரும் நிலை சரியானால் கையும் கண்ணும்கூட வேலைக்கு வரும்: பொம்மையைப் பிடிக்கும், முகம் பார்க்கும். இரண்டு வேளை அரை மணி நேரப் பயிற்சியைவிட, குளிப்பாட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் பிள்ளையை எப்படிப் பிடிக்கிறோம் என்பதே பெரிது என்பேன்.

எச்சில் வடிகிறது, பேச்சு குழறுகிறது என்பதற்காகப் புத்தி இல்லை என்று முடிவுகட்டுவது கொடுமை. ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியில் குறையே கிடையாது. வாய் ஒத்துழைக்காத பிள்ளை கண்ணால் படத்தைக் காட்டிப் பசியைச் சொல்லும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ நம் பக்கத்திலேயே இடங்கள் உண்டு. ஆரோவிலில் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக 'தீபம்' மையம் இருக்கிறது. புதுச்சேரியில் சத்யா சிறப்புப் பள்ளி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முட்டுக்காட்டில், 2005-இல் தொடங்கிய மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம். உப்பளக் கூலிக்குப் போகும் தாய்க்கு இந்தப் பயணமே ஒரு நாள் சம்பளம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எனவே முதலில் அங்கன்வாடிக்கு வரும் அரசின் சிறார் நல மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். ஆரோவில் புதுச்சேரியை ஒட்டி இருந்தாலும் அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், கடும் பாதிப்பு இருந்தால் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கும் அந்தக் கிராமத்தார் அணுக வேண்டியது விழுப்புரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை.