வானோக்கும் ஒளிவடிகட்டியும்

தொலைகாட்டி ஒன்று கைக்கு வந்ததும் மாணவர் பலர் அடுத்து நாடுவது ஒளிவடிகட்டியையே. மங்கலான பொருளை அது பிரகாசமாக்கும் என்பது அவர்தம் எண்ணம். வடிகட்டி எதுவும் ஒளியைக் கூட்டுவதில்லை; குறைக்கவே செய்கின்றது. ஆகவே, நாம் காண விரும்பும் பொருள் எவ்வலைநீளங்களில் ஒளிர்கின்றது, அதனை மறைக்கும் வெளிச்சம் எவ்வலைநீளங்களில் உள்ளது என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் தகும்.

இவ்வழியைத் திறந்தவர் ஆங்கிலேய வானியலறிஞர் வில்லியம் ஹகின்ஸ். 1864 ஆம் ஆண்டில் அவர் தமது நிறமாலைகாட்டியைத் திராக்கோ என்னும் விண்மீன் கூட்டத்திலுள்ள நெபுலா ஒன்றின்பாற் திருப்பினார். விண்மீன்களிற் காணப்படும் தொடர்ச்சியான நிறப்பட்டை அங்கே தோன்றவில்லை; தனித்தனியான ஒளிக்கோடுகளே தோன்றின. அது விண்மீன்களின் திரள் அன்று, ஒளிரும் வாயுவே என்பது அதனாற் தெளிவாயிற்று. பச்சை நிறமான முதன்மைக் கோடு, அறிந்த மூலகம் எதனோடும் பொருந்தாமையால், "நெபுலியம்" என்றொரு புதிய மூலகமே கற்பிக்கப்பட்டது! 1927 இல் அமெரிக்கரான ஐரா போவன், அஃது இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனின் ஒளியென விளக்கினார். 495.9, 500.7 நனோமீற்றரில் உள்ள அவ்வொட்சிசன் கோடுகளை மாத்திரம் விடும் வடிகட்டி இன்று கடைகளிற் கிடைக்கின்றது.

இருளிற் பழகிய கண் ஏறக்குறைய 507 நனோமீற்றரிலேயே கூர்மை மிக்கது. ஒட்சிசன் கோடுகள் அதன் அண்டையில் அமைந்தமை எமது நற்பேறு. ஐதரசனின் 656.3 நனோமீற்றர்ச் செந்நிறக் கோடோ அதே கண்ணுக்குப் பெரும்பாலும் இருளே. எனவே, கண்ணால் நோக்குவோர் ஐதரசன்-அல்பா வடிகட்டியை வாங்குதல் வீண்செலவாகும். ஒட்சிசன் கோடுகளோடு 486.1 நனோமீற்றரில் உள்ள ஐதரசன்-பீற்றாக் கோட்டையும் விடும், ஏறத்தாழ 25 நனோமீற்றர் அகலமான வடிகட்டியே முதலில் வாங்கத்தக்கது என்பது எமது துணிபு. உருப்பெருக்கம் குறைந்த பார்வைத்துண்டிற் பொருத்தி ஒறையன் நெபுலாவை நோக்குக. ஐரோப்பாவில் அடிவானத்துக்கு மேல் எழாத கரைனா நெபுலா, யாழ்ப்பாணத்திலே சித்திரை மாத முன்னிரவில் தென்வானில் ஏறக்குறைய 20 பாகை உயரத்தில் நிற்கும், அதனையும் விடுதலாகாது.

அந்திரோமீடா போன்ற விண்மீன் பேரடைகளுக்கு இவ்வடிகட்டி உதவாது. அவற்றின் ஒளி எண்ணிறந்த விண்மீன்களின் ஒளி. எல்லா அலைநீளங்களிலும் பரந்துளது. வெளிச்சத்தை வெட்டினால் அவற்றையும் சேர்த்தே வெட்டுவோம். விளக்கில்லாத வயல்வெளிக்குச் செல்வதே அவற்றுக்கு வழி.

தெருவிளக்குகளின் செய்தி வேறு. சோடிய ஆவி விளக்கு பெரும்பாலும் 589 நனோமீற்றரை அடுத்தும், இரச ஆவி விளக்கு 435.8, 546.1 முதலிய கோடுகளிலும் ஒளிர்ந்தன. அவற்றை விலக்கும் வடிகட்டிகள் நகரவாசிகளுக்குப் பெருந்துணையாயிருந்தன. வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கோ 450 நனோமீற்றரை அண்டிய நீலத்தையும், அதன் மேல் அகன்று பரந்த மஞ்சளொளியையும் தருகின்றது. வெட்டி எறிவதற்கு வாய்ப்பான கோடு அதில் இல்லை. பழைய வடிகட்டியின் புகழை நம்பி இன்று அதனை வாங்குவோர் ஏமாறுவர்.

ஒளிப்படக் கருவிக்குக் கண்ணின் குறை இல்லை. நிறம் பிரியாத கமராவில் ஐதரசன், ஒட்சிசன், 671.6, 673.1 நனோமீற்றரில் ஒளிரும் கந்தகம் ஆகிய மூன்றையும் தனித்தனி வடிகட்டியாற் பதிந்து ஒன்றுசேர்ப்பர். 1995 இல் ஹபிள் தொலைகாட்டி எடுத்த கழுகு நெபுலாப் படத்திற் கந்தகத்துக்குச் சிவப்பும், ஐதரசனுக்குப் பச்சையும், ஒட்சிசனுக்கு நீலமும் அளிக்கப்பட்டன. அந்நிறங்களைத் தொலைகாட்டியிற் தேடி மனம் சலிப்பார் பலர்! 3 முதல் 7 நனோமீற்றர் வரை அகலமான வடிகட்டிகள் நிலவொளியிலும் பயன்படும். ஆயின், ஒவ்வொரு படத்துக்கும் பல நிமிடங்கள் வேண்டும். வானைத் தொடர்ந்து சுழலும் தாங்கியில்லாதார் இவற்றை வாங்குதல் குதிரைக்கு முன் கடிவாளம் வாங்குதலையொக்கும்.

சந்திரனுக்கான சாம்பல்நிறக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்கும், அவ்வளவே.

சூரியன் விடயத்திற் சிக்கனம் கூடாது. மேற்கூறிய வடிகட்டி எதனையும் சூரியனுக்குப் பயன்படுத்தலாகாது. புகையூட்டிய கண்ணாடியும் எக்ஸ்-கதிர்ப் படத்தகடும் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை விட்டுவிடக்கூடும். விழித்திரை கருகும்போது நோவும் தோன்றாது. பார்வைத்துண்டிற் திருகும் சூரிய வடிகட்டி, குவிந்த வெப்பத்தில் வெடித்துவிடும். தொலைகாட்டியின் முகப்பை முழுதும் மூடி, ஒளியில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கை மாத்திரம் விடும் வடிகட்டியே ஏற்றது. பூட்டுமுன் அதில் ஊசித்துளையேனும் உண்டோ என விளக்கொளியிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். 1955 யூன் 20 இல் இலங்கை முழுக் கிரகணத்தைக் கண்டது. 2010 சனவரி 15 இலும் 2019 திசெம்பர் 26 இலும் யாழ்ப்பாணத்திற் கங்கண கிரகணம் தெரிந்தது. 2031 மே 21 இல் வட இலங்கையில் மீண்டும் அது நிகழும். அன்று கல்லூரி முற்றத்திற் தொலைகாட்டியை நிறுத்துவோர், பக்கத்திற் பொருத்திய சிறு தேடுகுழலையும் மூடிவிடுவாராக. சிறுவர் முதலிற் கண் வைப்பது அதிலேதான்.