மலைநாட்டு வெள்ளமும் வீதிகளின் அழிவும்

கடலிற் பிறக்கும் சூறாவளி கரையோரத்தையே வருத்தும் என்பது பொதுவான எண்ணம். அஃது உள்நாட்டு மலைகளையும் சிதைக்கும் என்பதற்கு, 2024 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவைத் தாக்கிய ஹெலீன் சூறாவளி சான்றாகும்.

செப்டெம்பர் 26 ஆம் நாளிரவு புளோரிடாக் கரையைக் கடந்த அச்சூறாவளி, மறுநாள் வட கரோலினாவின் மேற்கிலுள்ள அப்பலாச்சிய மலைப்பகுதியைத் தாக்கியது. முன்னரே பெய்த மழையால் அங்கு நிலம் நீரூறிக் கிடந்தது. ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து குளிர்ந்து பெருமழையாயிற்று. பியூசிக் என்னுமிடத்திற் சில நாட்களுள் 30 அங்குலத்துக்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. ஆஷ்வில் நகரிற் பிரெஞ்சு புரோட் ஆறு 1916 ஆம் ஆண்டு வெள்ள மட்டத்தையும் விஞ்சியது.

சமவெளியிற் பரந்து ஆழங்குறையும் வெள்ளம், ஒடுங்கிய பள்ளத்தாக்கில் உயர்ந்து விரைந்தோடும். மலையைக் குடைவதினும் ஆற்றங்கரையைப் பின்பற்றுதல் எளிதாதலின், மலைவீதிகளும் பெரும்பாலும் அப்பள்ளத்தாக்குகளின் வழியே செல்கின்றன. ஆதலால், ஆறு பெருகுங்கால் வீதியின் அடிமண் அரிக்கப்படுகின்றது. பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 40 ஆம் இலக்கப் பெருந்தெருவின் ஒரு பகுதி இவ்வாறே பல இடங்களிற் சரிந்து வீழ்ந்தது. ஒடுங்கிய வழியொன்று திறக்கப்படுதற்கே 2025 மார்ச்சு மாதம் வரை செல்லவேண்டியதாயிற்று.

சமவெளியூருக்கு ஒரு வீதி அழியின் மறுவீதி உண்டு. மலையூருக்கோ பலவேளைகளில் ஒன்றே உண்டு. அதுவும் துண்டிக்கப்பட்டபோது, மின்சாரமும் குடிநீரும் தொலைபேசியும் இழந்த ஊர்கள் சிலவற்றுக்கு ஹெலிகொப்டர்களும் கோவேறு கழுதைகளுமே உணவுப்பொருள் கொணர்ந்தன. வட கரோலினாவில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆற்றுக்குரிய அகலத்தை விட்டு வீதி அமைத்தலும், மாற்றுவழியொன்றை முன்னரே வகுத்தலும் செலவு மிக்கனவே. ஆயினும், மலைநாட்டில் வழியைக் காத்தல் உயிரைக் காத்தலேயாம்.