தொட்டி மீன் செத்துப் போவது ஏன்? பிச்சாவரம் சொல்லும் பாடம்!

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்க்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை?

கடைக்குப் போகிறோம். தொட்டி, கலர் கல், 10 மீன் எல்லாம் ஒரே நாளில் வாங்கி வருகிறோம். அன்று மாலையே தண்ணீரை ஊற்றி மீனை விடுகிறோம். வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்!

மூன்றாம் நாள் ஒரு மீன் செத்து மிதக்கிறது. ஐந்தாம் நாள் இரண்டு. பத்தாம் நாள் தொட்டி காலி!

"நேத்து நல்லாத்தானே நீந்திக்கிட்டு இருந்துது?" என்று பிள்ளை அழுகிறது. "கடைக்காரன் நோஞ்சான் மீனைத் தலையில கட்டிட்டான்" என்கிறார் அப்பா. "கண்ணு பட்டுடுச்சு" என்கிறார் பாட்டி.

பெரும்பாலும் இரண்டும் இல்லை. மீனைக் கொன்றது தண்ணீர்!

சேற்றுத் தண்ணீரில் மீன் கூட்டம்

சிதம்பரத்தில் இருந்து 15 கிலோ மீட்டரில் பிச்சாவரம். எம்.ஜி.ஆரின் "இதயக்கனி" (1975) படம் பிடித்த அதே இடம்தான். படகில் போகும்போது தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். கலங்கல். அடியில் சேறு. சுரபுன்னை இலைகள் விழுந்து அழுகிக் கிடக்கும்.

ஆனால் அங்கே மீனும் இறாலும் நண்டும் கொழிக்கின்றன. நாம் பளபளவென்று துடைத்து வைத்த தொட்டியில் மீன் சாகிறது. இது என்ன அதிசயம்?

அதிசயம் ஒன்றும் இல்லை. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே இருக்கிறது பிச்சாவரம். தினமும் 2 முறை கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. 2 முறை இறங்குகிறது. அழுக்கைக் கழுவிக் கொண்டு போகிறது. மிச்சத்தைச் சேற்றில் வாழும் கிருமிகள் தின்று தீர்க்கின்றன. குஞ்சு மீன்கள் வேர்களுக்கு நடுவே ஒளிந்து பிழைக்கின்றன.

உங்கள் தொட்டியில் ஏற்றம் உண்டா, வற்றம் உண்டா? இல்லை. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்!

முதலில் தண்ணீர், பிறகு மீன்

மீனின் கழிவில் இருந்தும் மிச்ச இரையில் இருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். மீன் மட்டும் செத்துப் போகும்!

இந்த நஞ்சை நல்ல கிருமிகள் முதலில் நைட்ரைட் ஆக்குகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறு கிருமிகள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. இது அவ்வளவு கெடுதல் செய்யாது.

புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் இல்லை. அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

ஆகவே தொட்டி வாங்கும் அன்றே மீன் வாங்காதீர்கள். தண்ணீர் நிரப்பி, பில்டரை ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனியா?" என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தத் தீனி கிருமிகளுக்கு!

நோய் இல்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவரது பில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். வேலை சீக்கிரம் முடியும். பிறகு 2 அல்லது 3 மீன்களாக விடுங்கள். மீன் வந்த பையை 20 நிமிஷம் தொட்டியில் மிதக்க விட்டு, அதன் பிறகே திறக்க வேண்டும்.

கிண்ணம் வேண்டாம்

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்க மீன் விடுவது பாவம். தங்க மீன் ஒரு முழங்கை நீளத்தில் பாதிக்கு மேல்கூட வளரக் கூடியது. நன்றாக வைத்துக் கொண்டால் 10 ஆண்டுக்கு மேல் வாழும். கிண்ணத்தில் 10 நாள் தாங்குவதே பெரிது!

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி நல்லது. சுமார் 56 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ கனம்! ஆட்டம் காணும் ஸ்டூல் மேல் வைக்காதீர்கள். இந்தத் தொட்டிக்குக் கப்பி மாதிரி சின்ன மீன் 8 அல்லது 10 போதும். பைட்டர் ஆண் மீன் இரண்டை ஒன்றாக விட்டால் குத்துச் சண்டைதான்!

வாரம் கால் பங்கு

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை அடியில் இருந்து டியூப் மூலம் எடுங்கள். அதே அளவு புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இதுதான் உங்கள் வீட்டு ஏற்ற வற்றம்!

பலர் என்ன செய்கிறார்கள்? ஒரு மாதம் சும்மா விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுத் தொட்டியையும் காலி செய்து சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள். நல்ல கிருமி அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடுகிறது. மறுபடி பழைய கதை!

பில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள்.

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். அவசரம் என்றால் குளோரினை முறிக்கும் மருந்து மீன் கடையில் கிடைக்கும். போர் தண்ணீர் என்றாலும் ஒரு ராத்திரி ஏர் பம்ப் ஓட விட்ட பிறகே ஊற்றுங்கள். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கப்பி, மாலி தாங்கும். எல்லா மீனும் தாங்காது.

அள்ளிப் போடாதீர்கள்

பிள்ளைகள் கையில் தீனி டப்பாவைக் கொடுத்தால் முடிந்தது! 2 நிமிஷத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே போதும். மிச்சம் அழுகினால் அம்மோனியா. இட்லி, பொரி, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

கத்திரி வெயிலில் ஜன்னலோரம் தொட்டி வைக்காதீர்கள். தண்ணீர் சூடானால் அதில் பிராண வாயு குறையும். அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது விளையாட்டு அல்ல, மூச்சுத் திணறல்! உடனே கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்.

கரண்ட் போய்விட்டதா? அன்று தீனி கிடையாது. தொட்டித் தண்ணீரைக் குவளையில் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக் கொண்டே இருங்கள். பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வைத்தால் கவலை விட்டது.

உடம்பில் ரவை தூவியது போலப் புள்ளியா? வெள்ளைப்புள்ளி நோய். அயோடின் கலக்காத கல் உப்பு, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். புள்ளி மறைந்தாலும் 10 நாள் விடாதீர்கள். கிருமி அடியில் விழுந்து பெருகிக் கொண்டிருக்கும்.

நம்ம ஊர் செல்லாக்காசு

பிச்சாவரத்தில் செல்லாக்காசு என்று ஒரு மீன் உண்டு. மஞ்சள் உடம்பு. காசு மாதிரி தட்டை. நல்ல தண்ணீரிலும் வாழும், உப்புத் தண்ணீரிலும் வாழும். அப்பா மீனும் அம்மா மீனும் சேர்ந்து முட்டையைக் காவல் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் வழுவழுப்பையே தின்னும். வெளிநாட்டு மீன் பிரியர்கள் இதை ஆசையாக வளர்க்கிறார்கள்.

அதற்காகச் சுற்றுலா போகும்போது பாட்டிலில் பிடித்து வராதீர்கள்! பிச்சாவரம் காப்புக் காடு. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. உப்புத் தண்ணீர் மீனைத் திடீரென்று குழாய்த் தண்ணீரில் போட்டால் அதற்கும் ஆபத்து. பண்ணையில் நல்ல தண்ணீரில் வளர்ந்த குஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

இது மட்டும் கூடவே கூடாது!

வளர்க்க முடியவில்லை என்று தொட்டி மீனை வீராணம் ஏரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். "புண்ணியம்" என்று நினைத்துச் செய்வது பெரிய கெடுதல்!

1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த ஜிலேபிக் கெண்டை இன்று குளம் குட்டை எல்லாம் நிறைந்து கிடக்கிறது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விற்கிறார்களே, "டேங்க் கிளீனர்" மீன்? தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. தமிழ்நாட்டு ஏரிகளில் புகுந்துவிட்டது. அதன் முள் வலையைக் கிழிக்கிறது. நம் மீனின் இரையையும் தின்கிறது. வலை போட்டுப் பிழைக்கிறவர் வயிற்றில் அடி!

வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அல்லது வளர்க்கிறவருக்குக் கொடுங்கள்.

மீன் வாங்க 5 நிமிஷம் போதும். தண்ணீரைத் தயார் செய்ய ஒரு மாதம் வேண்டும். அந்த ஒரு மாதம் பொறுத்தால் பிள்ளை அழ வேண்டியதில்லை!