கீழாநெல்லியும் கல்லீரல் வைரஸும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்றால் வீட்டார் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். மழைக்குப் பின் வரப்பிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கும் செடி அது. இலைகளின் அடியில் கடுகளவு பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்து, எண்ணெயும் காரமும் ஒதுக்கிப் பத்தியம் இருப்பார்கள்.

ஆயுர்வேதம் இந்நோயைப் பித்தம் மிகுவதால் வரும் 'காமலா' என்கிறது. பேதி கொடுத்துப் பித்தத்தை வெளியேற்றிவிட்டு, கீழாநெல்லி, கடுகுரோகிணி, சீந்தில், மூக்கிரட்டை போன்ற மூலிகைகளைத் தருவது அதன் வழி.

காமாலைக்குக் காரணமான வைரஸ்கள் எல்லாம் ஒன்றல்ல. அசுத்தமான குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணியும். குணமாக்கிய பெயர் மட்டும் மூலிகைக்குப் போய்ச் சேரும். ரத்தம், பாதுகாப்பற்ற ஊசி, உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவும் பி, சி வகைகள் அப்படியல்ல. கண் மஞ்சளாகாமலே பலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கி, சிரோசிஸ் எனும் கல்லீரல் இறுக்கம், கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். ரத்ததானத்தின்போதோ கர்ப்பகாலப் பரிசோதனையிலோதான் பலருக்கு இது தெரியவருகிறது.

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி உதவுமா என்ற ஆய்வு சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

மூலிகை என்பதாலேயே கெடுதல் இராது என்றும் சொல்ல முடியாது. ஆரோக்கியவர்த்தினி போன்ற ஆயுர்வேத மாத்திரைகளில் பாதரசம், செம்பு பற்பங்கள் சேர்கின்றன. சீந்திலால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது.

இன்று ஹெபடைடிஸ் சி-யை 12 வார மாத்திரைகளால் பெரும்பாலும் முழுதாகக் குணப்படுத்தலாம். பி வகையை டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மருந்துகள் அடக்கி வைக்கும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இவ்விரு வகைக்குமான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குழந்தைக்குக் காப்பு.

மூலிகை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அவர் எழுதிய மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.