தண்டனை முடிந்த பிறகும்

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் ஆஸ்திரேலிய விசாப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தான். எந்த நாட்டிலாவது குற்றவாளியெனத் தீர்ப்பானதுண்டா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல் என்று அதில் ஒரு கேள்வி. பதினெட்டு வயதில் திருவிழாச் சண்டையில் கோர்ட்டில் அபராதம் கட்டியவன் அவன். "எழுதணுமா சார்?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய அரசியல் சண்டையே இருக்கிறது, வாசகர்களே. அந்நாட்டின் 1958-ஆம் வருடக் குடிநுழைவுச் சட்டத்தில் 501-ஆவது பிரிவு நன்னடத்தை பற்றியது. நடத்தை சரியில்லை என்றால் விசாவை மறுக்கலாம், கொடுத்ததையும் பறிக்கலாம். 2014-இல் இதை இன்னும் இறுக்கினார்கள். 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் அந்நியரின் விசாவை ரத்து செய்தே தீரவேண்டும். அவர் 28 நாளுக்குள் முறையிடலாம். ஆனால் முடிவு வருமுன் தண்டனைக் காலம் தீர்ந்துவிட்டால், சிறை வாசலிலிருந்து வீட்டுக்குப் போக முடியாது. குடிநுழைவுத் தடுப்பு முகாமுக்குத்தான் போகவேண்டும்.

இதில் நிறையச் சிக்கியவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். அவர்களில் சிலர் கைக்குழந்தையாக வந்து அங்கேயே வளர்ந்து, பிரஜாவுரிமை மட்டும் எடுக்காமல் விட்டவர்கள். நம் தோட்டங்களில் 1969-க்குப் பிறகு சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் கப்பலேறியதைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். ஆனாலும் வளர்ந்த மண்ணை விட்டுக் காகிதம் துரத்துவது இரண்டிலும் ஒன்றுதான்.

நியூசிலாந்துப் பிரதமராயிருந்த ஜெசிண்டா ஆர்டன் 2020-இல் சிட்னிக்கே போய், உங்கள் ஊரில் வளர்ந்தவர்களை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்று கடிந்துகொண்டார். 2023-இல் ஆஸ்திரேலியா இறங்கி வந்து, நாட்டோடுள்ள பந்தத்துக்கு முக்கிய இடம் கொடு என்று புது உத்தரவு போட்டது. அதைக் காட்டிக் கொடுங்குற்றவாளிகள் சிலரும் விசாவைத் திரும்பப் பெற்றது தெரியவர, எதிர்க்கட்சி கொதித்தது. 2024 ஜூனில் உத்தரவை மாற்றி, பொதுமக்கள் பாதுகாப்பே முதன்மை என்றார்கள். பாதிக்கப்பட்டவளைப் பெற்ற தாய்க்கு இந்தக் கோபம் நியாயமாகத்தான் படும். எனக்கும் படுகிறது.

ஆனால் எந்த நாடும் ஏற்காதவனை என்ன செய்வது? நாடற்ற ரோஹிங்கியா ஒருவன். குழந்தையிடம் தகாத குற்றம் செய்து தண்டனை அனுபவித்தவன். அனுப்ப இடமில்லாமல் முகாமில் வைத்திருந்தார்கள். அப்படி ஆயுள் முழுதும் வைக்கலாம் என்று 2004-இல் உயர்நீதிமன்றமே 4-க்கு 3 என்று சொல்லியிருந்தது. 2023 நவம்பர் 8-இல் அதே நீதிமன்றம் அதை மாற்றியது: அனுப்ப வழியே இல்லையென்றால் அடைத்து வைப்பது தண்டனை, தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை, மந்திரியின் வேலையல்ல. நூறு பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். பாராளுமன்றம் அவசரமாகச் சட்டம் போட்டுக் காலில் மின்வளையமும் இரவு ஊரடங்கும் விதித்தது. 2024 நவம்பரில் அதுவும் செல்லாது என்று தீர்ப்பானது. அவனைக் கண்டு அருவருக்கிறேன். தீர்ப்பு சரியென்றும் நினைக்கிறேன்.

மாணவன் காத்திருந்தான். "எழுதுப்பா. அபராதத்துக்காக மட்டும் தள்ளிவிட மாட்டார்கள், மறைத்தால்தான் வினை," என்றேன். கோர்ட்டு ரசீதைத் தேடியெடுத்து, நடந்ததை ஒரு பக்கம் எழுதிச் சேர்த்து அனுப்பியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.