பாம்புக்கும் சளி பிடிக்கும்

வளர்ப்புப் பாம்புகளுக்குப் பெங்களூரில் இரண்டு எதிரிகள்: மார்கழிக் குளிர், உரிமையாளரின் தயக்கம்

2023 செப்டம்பர். பாங்காக்கிலிருந்து பெங்களூர் விமான நிலையத்தில் வந்திறங்கிய பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது உள்ளே 55 பால் பைத்தான்கள், 17 ராஜநாகங்கள். எல்லாம் உயிரோடு. உடன் வந்த 6 கபுச்சின் குரங்குகள் செத்துக் கிடந்தன.

செல்லப் பிராணிச் சந்தையில் பால் பைத்தானுக்கு ஏக மவுசு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளியைச் சேர்ந்த மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். (பசும்பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) விஷமில்லை. பரம சாது. பெரும்பாலும் 3 முதல் 5 அடி நீளம்.

பிரச்சினை என்னவென்றால், நோய் வந்தால் இது குரைக்காது, முனகாது. காட்டில் பலவீனத்தைக் காட்டிக்கொள்ளும் பிராணி சீக்கிரமே இரையாகிவிடும். எனவே முடிந்தவரை மறைப்பதுதான் பாம்பின் சுபாவம்.

பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. பால் பைத்தானின் கூண்டிலோ ஒரு மூலை 31 முதல் 33 டிகிரி வரையும், மறுமூலை 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். பாம்பின் உடல் தானாகச் சூடு உண்டாக்காது. குளிர்ந்தால் இரை செரிக்காது, நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையும். விளைவு: சளி, நிமோனியா. மனிதர்களைப்போல இருமிச் சளியைத் துப்பப் பாம்பால் முடியாது. அதற்கு உதரவிதானமே கிடையாது. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூச்சில் 'கொர்' சத்தம், மூக்கில் குமிழி, தலையை மேலே தூக்கியபடியே இருப்பது - இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டர்.

பட்டினி மட்டுமே நோயாகாது. ஆரோக்கியமான பால் பைத்தான் மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும். ஆனால் எடை குறைந்தால் கவலைப்பட வேண்டும். வாரம் ஒருமுறை தராசில் வைத்துக் குறித்துக்கொள்வது நல்லது. தின்றதைக் கக்கினால் உடனே மறுபடி இரை வைக்கக்கூடாது; இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு.

சட்டை துண்டு துண்டாக உரிந்தால் கூண்டில் ஈரப்பதம் போதவில்லை என்று அர்த்தம். வெதுவெதுப்பான ஈரத்துணியில் சிறிது நேரம் ஊர்ந்துபோக விட்டால் போதும். கண்மேல் ஒட்டிக்கொண்ட பழைய படலத்தை நகத்தால் பிய்ப்பது கண்ணுக்கே ஆபத்து. செதில்களுக்கிடையிலோ தண்ணீர்க் கிண்ணத்திலோ கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை உண்ணிகள். அதற்காக வீட்டுப் பூச்சி மருந்தை அடித்தால் உண்ணியோடு பாம்பும் போய்விடும். ஈறு வீங்கிச் சீழ் வைப்பது வாய்ப்புண்.

எல்லாவற்றையும்விட மோசமானது, தலையை மல்லாத்திக்கொண்டு நேராக நகர முடியாமல் தவிப்பது. வைரஸால் வரும் ஐ.பி.டி. நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. புதிதாக வரும் பாம்பை 3 மாதம் தனியே வைப்பது இதனால்தான்.

வீட்டில் மிஞ்சிய மாத்திரையை உடைத்துக் கொடுப்பது விபரீதம். பாம்பின் உடலில் மருந்து மெதுவாகத்தான் கரையும். சில ஊசிகளை 3 நாளுக்கு ஒருமுறைதான் போடுவார்கள். குளிர்ந்த கூண்டில் எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. நாய், பூனை பார்க்கும் டாக்டர்கள் எல்லோருக்கும் பாம்பு பழக்கமில்லை. முன்கூட்டியே விசாரித்து வைப்பது உத்தமம். துணிப்பையில் கட்டி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம். கடைசியாக இரை தின்ற தேதி, எடை, கூண்டின் வெப்பநிலை மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் பாதி வைத்தியம் முடிந்தமாதிரி. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்கக்கூடாது. பாம்பிடமிருந்து சால்மோனெல்லா கிருமி தொற்றும்.

எஞ்சியிருப்பது தயக்கம். நாட்டு நல்லபாம்பையோ சாரையையோ வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற, சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பிராணிகளையும் பதிவு செய்தாக வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது. புதிதாகப் பெறுபவர்களுக்கு 30 நாள். காகிதம் இல்லாதவர் மருத்துவமனைப் படியேறத் தயங்குவார். நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார்.

குற்றம் உரிமையாளருடையது. மூச்சுத் திணறுவது பாம்பு.