காட்டின் காப்பு நீங்கினால் தோட்டத்துக்கு என்ன நடக்கும்?

ஒரு காட்டின் வனக் காப்பகத் தகுதியை நீக்குவது வெறும் காகித வேலையாகத் தெரியலாம். ஆனால் அதன் விளைவு நம் தோட்ட வீட்டு வாசல்வரை வரும்.

வட சிலாங்கூரின் ராஜா மூசா சதுப்புக் காடு 1990-இல் வனக் காப்பகமானது. இலையும் வேரும் மட்கிப் படிந்த அதன் மண், மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல விடுகிறது. தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கும் அந்த நீர் உதவுகிறது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் மண் காய்ந்து தாழும். தீப்பிடித்தால் நிலத்துக்கடியில் நாள்கணக்கில் புகையும். ராஜா மூசாவிலேயே பலமுறை எரிந்திருக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பது சுற்றிலும் வாழும் நாம்தான்.

காப்பகத் தகுதி நிரந்தரமல்ல. மாநிலத்தின் தெற்கே, கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் 900 ஹெக்டருக்கு மேல் நீக்கப்போவதாக 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபித்தும், 2021 மே மாதம் பாதிக்கு மேல் நீக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவை மீட்டுக்கொண்டது.

சிலாங்கூரின் 2011 சட்டத் திருத்தப்படி, காப்பகத்தை நீக்கும்முன் பொது விசாரணை நடத்த வேண்டும். உள்ளூர் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வரும்போதும் ஆட்சேபம் தரலாம். அறிவிப்பைக் கண்டால் படிப்போம். தோட்டத்தார் கூடிப் பேசி, குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுப்போம்.